163 மீட்டர் மலைக்கு எத்தனை மில்லிமீட்டர்?

சிங்கப்பூரில் மலையே இல்லை, பிறகு எதற்கு மலைச் சைக்கிள் என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. புக்கிட் தீமாவின் உச்சி கடல் மட்டத்திலிருந்து 163 மீட்டர்தான். நம் ஊர் வீவக அடுக்குமாடிகளில் சில அதற்குக் கிட்டத்தட்ட உயர்ந்து நிற்கின்றன. ஆனால் மலைச் சைக்கிளுக்கு மலையைவிட முக்கியம் தரை. வேர், கருங்கல், செம்மண், மழைக்குப் பிந்திய வழுக்கல். அவை நான்கும் இங்கே தாராளமாக இருக்கின்றன.

அக்கா மகனுக்குத் தேசிய சேவை அழைப்பு வந்திருந்தது. போவதற்கு நான்கு மாதம் இருந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்த கையோடு பகுதிநேர வேலை பார்த்து 1,450 வெள்ளி சேர்த்திருந்தான். அதில் 579 வெள்ளிக்கு ஒரு ‘டபுள் சஸ்பென்ஷன்’ சைக்கிளை இணையத்தில் பார்த்து, பணம் கட்டும் பொத்தானுக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றான். “தம்பி, ரேடியோல ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற, உன் மருமகனுக்குக் கொஞ்சம் சொல்லு. விழுந்து கையை உடைச்சுக்கிட்டா கேம்ப்ல யார் பதில் சொல்றது?” என்று அக்கா தொலைபேசியில் சொன்னாள். அவளுக்குப் பணத்தைவிடப் பையனின் மணிக்கட்டுதான் கவலை.

அந்த விளம்பரத்தை நானும் வாசித்தேன். பளபளக்கும் படம். 21 கியர். முன்னாலும் பின்னாலும் டிஸ்க் பிரேக். வீட்டு வாசலில் இலவச விநியோகம். ஆனால் பின்பக்க ஷாக் எவ்வளவு தூரம் அமுங்கும், யார் செய்தது, காற்று ஷாக்கா சுருள்கம்பியா, பிரேக் எண்ணெயில் வேலை செய்வதா கம்பியிலா என்று எதுவும் இல்லை. அளவு என்ற இடத்தில் ‘160 முதல் 185 செண்டிமீட்டர் உயரமுள்ளவர்களுக்கு’ என்று ஒரே வரி. எடை மட்டும் ஒளிவுமறைவில்லாமல் 18 கிலோ என்று போட்டிருந்தது.

முழு சஸ்பென்ஷன் சைக்கிள் என்றால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் அமுங்க வேண்டும், பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சட்டமும் மூட்டுகளில் அசைய வேண்டும். மூட்டுக்கு மூட்டு பேரிங், நடுவில் ஷாக், இவற்றைத் தாங்கும் அளவுக்கு உறுதியான சட்டம். இத்தனையும் காசு. 579 வெள்ளிக்குள் இவ்வளவும் அடங்க வேண்டுமானால் எங்கேயோ கையை வைத்தாக வேண்டும். பெரும்பாலும் கையை வைக்கும் இடம் ஷாக்கின் உள்ளே இருக்கும் எண்ணெய் அறைதான். சுருள்கம்பி அதிர்ச்சியை விழுங்கிச் சேர்த்து வைக்கும். அதை மெதுவாகக் கரைப்பது எண்ணெய். எண்ணெய்க் கட்டுப்பாடு இல்லாத ஷாக், விழுங்கியதை அப்படியே திருப்பித் துப்பும், உட்கார்ந்திருப்பவரின் முதுகுக்கு.

இதையெல்லாம் பேசிப் பையனை நம்ப வைக்க முடியாது என்று தெரியும். பத்தொன்பது வயதில் நான் யார் பேச்சைக் கேட்டேன்? “வாடா, உபினுக்குப் போவோம்” என்றேன்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து சாங்கி படகுத்துறைக்குப் போவது என்றால் தீவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடப்பது. முழு அளவு சைக்கிளை ரயிலில் ஏற்ற முடியாது. மடித்தால் 120க்கு 70க்கு 40 செண்டிமீட்டருக்குள் அடங்கும் சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. மலைச் சைக்கிள் வாங்க நினைக்கும் எவரும் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இது. வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்ச் சேரக்கூடிய பாதை எது? அதற்கு ஏற்ற சைக்கிள்தான் உங்களுக்கான சைக்கிள். நாங்கள் வெறுங்கையோடு போனோம். படகில் பன்னிரண்டு பேர் சேரும்வரை காத்திருந்து, டீசல் வாடையோடு பத்து நிமிடத்தில் அக்கரை.

புலாவ் உபினுக்குப் பெயரே கல்லால் வந்தது. அங்கே வெட்டிய கருங்கல்லில்தான் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது. ஜோகூர் கடற்பாலத்துக்கும் அங்கிருந்து கல் போனது. கல் எடுத்த பள்ளங்களில் இப்போது பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அவற்றில் ஒன்றான கேத்தாம் கல்குழியைச் சுற்றித்தான் 2008ல் மலைச் சைக்கிள் பூங்கா திறந்தார்கள். 45 ஹெக்டர், சுமார் பத்து கிலோமீட்டர் பாதை. பனிச்சறுக்குத் தளங்களில் போடுவதைப்போல நீலச் சதுரம், கறுப்பு வைரம், இரட்டைக் கறுப்பு வைரம் என்று கடினத்தை அடையாளமிட்டிருக்கிறார்கள்.

படகுத்துறையை ஒட்டிய கிராமத்தில் சைக்கிள் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மருமகன் கண் நேராக ஒரு வண்டிக்குப் போனது. இரட்டை ஷாக், பின்னால் சிவப்புச் சுருள்கம்பி. அவன் விளம்பரத்தில் பார்த்ததன் உடன்பிறப்பு. கடைக்காரப் பெரியம்மா பிரேக்கை அழுத்திப் பார்த்துக் கொடுத்துவிட்டு, கையை ஆட்டி, “கேத்தாமுக்குள்ள மட்டும் கொண்டு போயிடாதே” என்றார். நான் சொன்னால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். வாடகைக்கு விடுகிறவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

செக் ஜாவா பக்கம் போகும் பாதையில் தார் முடிந்து சரளையும் மண்ணும் தொடங்கும் இடத்தில் அவன் எழுந்து நின்று மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் பின்பக்கம் குனிந்து எழுந்தது. மிதித்த பலத்தில் பாதி சுருள்கம்பியை அமுக்கவே போனது. இறக்கத்தில் ஒரு குழியைக் கடந்தபோது இருக்கை அவனைத் தூக்கி எறியப் பார்த்தது. பெரிய வேகமில்லை, விழவும் இல்லை. ஆனால் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் விளம்பரத்தின் பளபளப்பு கொஞ்சம் மங்கியிருந்தது.

வண்டிகளைக் கிராமத்தில் ஒப்படைத்துவிட்டு, நடந்தே கேத்தாம் பூங்காவின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றோம். சரியான சைக்கிள்களில் வருபவர்கள் கற்படிகளில் இறங்குவதைப் பார்த்தோம். சக்கரம் கல்லில் மோதுகிறது, சைக்கிள் அசைகிறது, ஓட்டுபவரின் தலை மட்டும் ஒரே மட்டத்தில் மிதந்து போகிறது. “மாமா, அவங்க தலையைப் பாருங்க” என்று அவனே சொன்னான். அதற்குத்தான் காசு.

கடையிலோ இணையத்திலோ பார்க்க வேண்டிய இன்னொரு எண்ணையும் அன்று திரும்பும் படகில் சொன்னேன். நல்ல தயாரிப்பாளர்கள் தங்கள் சைக்கிளை எந்தத் தரைக்குச் செய்தோம் என்று 1 முதல் 5 வரையிலான பிரிவில் குறிப்பிடுவார்கள். 1 என்றால் சாலை மட்டும். 2 சரளைப் பாதை, சிறு மேடு பள்ளம். 3 கரடுமுரடான காட்டுப் பாதை. 4, 5 பெரிய தாவல்களுக்கும் செங்குத்து இறக்கங்களுக்கும். முழு சஸ்பென்ஷன் என்ற தோற்றத்தில் இருக்கும் மலிவு வண்டியின் கையேட்டைத் திறந்தால் சாலைக்கு மட்டும் என்று பொடி எழுத்தில் இருப்பது உண்டு. அவன் கைப்பேசியை எடுத்து அந்த 579 வெள்ளி விற்பனையாளருக்குச் செய்தி அனுப்பினான், எந்தப் பிரிவு என்று. ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது.

அடுத்த வாரம் செஸ்நட். புக்கிட் பாஞ்சாங்கில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வீட்டு மின்தூக்கியிலிருந்து செஸ்நட் இயற்கைப் பூங்காவுக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். 81 ஹெக்டர் பரப்பு, நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, சைக்கிளோட்டிகளுக்கு 8.2 கிலோமீட்டர் தனிப் பாதை. எங்கள் நிலையத்தின் ஒலிப்பொறியாளர் தன்னுடைய முழு சஸ்பென்ஷன் சைக்கிளை ஒரு நாளைக்கு இரவல் தந்தார். பின்னால் 120 மில்லிமீட்டர் அமுங்குவது. நான் ஆறு வருடமாக ஓட்டும் ஹார்ட்டெயிலை, அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளதை, எடுத்துக்கொண்டேன்.

ஓட்டுவதற்கு முன் ஒலிப்பொறியாளர் சொல்லிக் கொடுத்தபடி ஷாக்குக்குக் காற்றடித்தோம். காற்று ஷாக்கின் தண்டில் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதை மேலே தள்ளிவிட்டு, ஓட்டும் உடையோடு மெதுவாக உட்கார்ந்து இறங்கினால், உடல் எடைக்கு ஷாக் எவ்வளவு அமுங்கியது என்று வளையம் நின்ற இடம் காட்டும். மொத்த நீளத்தில் 25 முதல் 30 விழுக்காடு வந்தால் பாதைக்குச் சரி. அதிகமென்றால் காற்றைக் கூட்ட வேண்டும், குறைவென்றால் விட வேண்டும். மருமகன் 61 கிலோ. ராணுவ அடிப்படைப் பயிற்சி முடிந்து எத்தனை கிலோவோடு வருவான் என்று யாருக்குத் தெரியும்? காற்று ஷாக் என்றால் பம்பு எடுத்தால் போதும். சுருள்கம்பி என்றால் கம்பியையே மாற்ற வேண்டும்.

ஒரு சுற்று அவன் முழு சஸ்பென்ஷனில், நான் ஹார்ட்டெயிலில். அடுத்த சுற்று மாற்றி. ஏற்றங்களில் என் பழைய வண்டி முன்னால் போனது, அதில் சந்தேகமில்லை. வேர்கள் பின்னிக் கிடக்கும் இறக்கத்தில்தான் வித்தியாசம். ஹார்ட்டெயிலில் பின்சக்கரம் ஒவ்வொரு வேரிலும் துள்ளும். துள்ளும் நொடியில் தரையைப் பிடிக்காது. பிடிக்காத சக்கரத்தில் பிரேக் போட்டு என்ன பயன்? முழு சஸ்பென்ஷனில் பின்சக்கரம் வேரோடு ஏறி இறங்கி ஒட்டிக்கொண்டே வந்தது. இரண்டாவது சுற்றில் நடுவில் நின்று, “மாமா, உங்க சைக்கிள்ல கால் ரெண்டு தடவை தப்பிச்சு, இதுல தப்பவே இல்ல” என்றான். என் சைக்கிளைக் குறை சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும் அவன் சொன்னது சரி.

அங்கேயே ஒரு மரப்பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கையில் 1,450. நல்ல ஹார்ட்டெயில் ஆயிரம் வெள்ளிக்குள் கிடைக்கும், மிச்சத்தில் தலைக்கவசம், முழங்கால் பட்டை. என் வாக்கு அதற்குத்தான். ஆயிரம் வெள்ளி ஹார்ட்டெயில், அதே விலை முழு சஸ்பென்ஷனைவிட எப்போதும் நல்ல வண்டி. ஆனால் அவன் ஓட்ட நினைப்பது கேத்தாம் கற்களில். அதில் நியாயம் இருந்தது. புதிய முழு சஸ்பென்ஷன், பெயர் சொல்லும்படியானது, 2,000 வெள்ளியை ஒட்டித்தான் தொடங்குகிறது. தள்ளுபடிக் காலத்தில் கொஞ்சம் இறங்கும்.

எவ்வளவு அமுங்க வேண்டும் என்பதில் இணையம் மனிதரைக் குழப்பும். 150, 160, 170 மில்லிமீட்டர் என்று எண் ஏற ஏற ஆசையும் ஏறும். அவை ஐரோப்பாவிலும் கனடாவிலும் கேபிள்காரில் மேலே போய், அரை மணி நேரம் இறங்கிக்கொண்டே இருப்பவர்களுக்கு. நம் தீவில் நீளமான இறக்கம் என்பது பாட்டு ஒன்று முடிவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மிதித்துத்தான் மேலே வர வேண்டும். 120, அதிகம் போனால் 130. அதற்கு மேல் வாங்கினால் நீங்கள் வாங்குவது எடையை.

மிச்சப்படும் பணத்தைப் பிரேக்கில் போடலாம். எண்ணெய் டிஸ்க் பிரேக் இல்லாத வண்டியை நான் பார்க்கவே மாட்டேன்; மழையில் ஒரு விரலால் நிறுத்த முடிய வேண்டும். சக்கர அச்சு சட்டத்துக்குள் ஊடுருவி முறுக்கும் தடித்த வகையாக இருக்க வேண்டும், நெம்புகோல் வைத்த மெல்லிய வகை இல்லை. முன்னால் ஒரே பற்சக்கரம், பின்னால் பத்தோ பதினொன்றோ போதும். 21 கியர் என்பது பெருமை இல்லை, பழைய சரக்கின் அடையாளம். ஓடிக்கொண்டே இருக்கையை இறக்கும் தண்டு இருந்தால் நல்லது, இல்லையென்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம். அச்சு அப்படி இல்லை. சட்டத்தை மாற்றாமல் அச்சை மாற்ற முடியாது.

வெளிநாட்டு இணையக் கடைகளையும் பார்த்தோம். 1,500 வெள்ளிக்கு ஆசை காட்டும் வண்டிகள் இருந்தன. அனுப்பும் செலவு 250 என்று வைத்தால் 1,750. சைக்கிளுக்கு இங்கே சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் பொருள் சேவை வரி 9 விழுக்காடு, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு. 157 வெள்ளி 50 காசு. ஆக 1,907 வெள்ளி 50 காசு. 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கு வரி இல்லை என்ற பழைய கணக்கும் 2023 தொடக்கத்தோடு மாறிவிட்டது. பணத்தைவிடப் பெரிய கேள்வி, மூட்டு விரிசல் விட்டால் பெட்டியைக் கட்டி எந்த நாட்டுக்கு அனுப்புவது என்பது. உத்தரவாதத்தை உள்ளூரில் யார் பார்ப்பார் என்று கேட்டுவிட்டு மற்றதைப் பேசலாம். இந்த விஷயத்தில் பக்கத்து ஊர்த் தயாரிப்புகளுக்கு ஒரு வசதி உண்டு. தைவானின் ஜயண்ட்டும் மெரிடாவும், இரண்டுமே 1972ல் தொடங்கியவை, இங்கே காலகாலமாக விற்கின்றன. கிழக்கு ஜாவாவின் சிடோவார்ஜோவில் செய்யப்படும் பாலிகன், சிஸ்கியூ என்ற வரிசையில் முழு சஸ்பென்ஷனை நடுத்தரப் பணப்பைக்கு எட்டும்படி கொடுத்துப் பெயர் வாங்கியிருக்கிறது. பாலிகன் என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும்.

பயன்படுத்திய வண்டியும் ஒரு வழி. உட்லண்ட்சில் ஒரு புளோக்கின் கீழே, 1,200 வெள்ளிக்கு நான்கு வயதான முழு சஸ்பென்ஷன் ஒன்றைப் பார்த்தோம். படத்தைவிட நேரில் அழகு. மருமகன் காதலில் விழுந்துவிட்டான். நான் ஒரு கையால் இருக்கையைப் பிடித்து மேலே தூக்கி இறக்கினேன். மிக மெல்லிய ‘டக்’. மறுபடி தூக்கினேன். மறுபடி ‘டக்’. பிறகு பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினேன், அங்கேயும். ஸ்டூடியோவில் ஒலிவாங்கி நுனியில் உதடு பிரியும் சத்தத்தையே கேட்டுப் பழகிய காது இது. “மாமா, எனக்கு ஒண்ணுமே கேக்கல” என்றான். அவன் விரலை எடுத்து மூட்டின் மேல் வைத்துவிட்டு மீண்டும் தூக்கினேன். முகம் மாறியது. விற்க வந்தவர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. வாங்கியதிலிருந்து மூட்டைப் பிரித்ததே இல்லை என்றார். நம் ஊர் ஈரத்தில் பேரிங்குகள் துருப்பிடிப்பது இயல்பு. பேரிங் எல்லாம் மாற்றி, ஷாக்கையும் திறந்து பார்க்க 300 வெள்ளிக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரிந்த பழுதுபார்ப்பவர் தொலைபேசியில் சொன்னார். இரண்டாவது உரிமையாளருக்குச் சட்டத்தின் உத்தரவாதமும் பொதுவாக வராது. நன்றி சொல்லிவிட்டு வந்தோம். ரயிலில் அவன் பேசவே இல்லை.

அதன் பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அக்கா 400 வெள்ளி தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டு ஆறு வார இறுதிகள் கூடுதல் வேலை பார்த்தான். இதற்குள் உள்ளூர்க் கடை ஒன்றின் இணையத்தளத்தில் முந்திய ஆண்டின் மாடல், 120 மில்லிமீட்டர், காற்று ஷாக், எண்ணெய் பிரேக், 1,780 வெள்ளிக்கு இறங்கியது. ஆனாலும் உடனே வாங்கவில்லை. அளவு அட்டவணையைத் திறந்து, கால் நீளத்தைச் சுவரில் புத்தகம் வைத்து அளந்து, இரவல் சைக்கிளின் எண்களோடு ஒப்பிட்டான். 172 செண்டிமீட்டருக்கு அந்தத் தயாரிப்பில் நடுத்தர அளவு சரி, இன்னொன்றில் அதே உயரத்துக்குப் பெரிய அளவு. பெயரை நம்பாமல் எண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவனாகவே கண்டுபிடித்தான். கூடவே பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டில் ஒன்று கூடுதலாக வாங்கச் சொன்னேன். விழுந்தால் முதலில் வளைவது அதுதான். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒவ்வொரு வடிவம். பிறகு தேடினால் கிடைக்காது.

தேசிய சேவைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெட்டி வந்தது. ஆள் உயரப் பெட்டி, புளோக்கின் நடைபாதையை அடைத்துக்கொண்டு. தீ விபத்து நேர்ந்தால் வெளியேற 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதால் எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே இழுத்தோம். முன்சக்கரம், ஹேண்டில்பார், மிதிகள் மட்டுமே மாட்ட வேண்டியிருந்தது. இடது மிதி எதிர்த்திசையில் முறுக்க வேண்டியது என்பதை அவனே எனக்குச் சொன்னான். மூட்டுத் திருகுகளை முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனரால் சரிபார்த்தோம். அக்கா சமையலறையிலிருந்து மூன்று முறை வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதல் ஓட்டத்துக்குக் கேத்தாம் போகவில்லை. ரயில் பாதையாக இருந்து நடைவழியான பசுமை வழித்தடத்தில் ஹில்வியூ பக்கம் போய், டைரி ஃபார்ம் வழியே புக்கிட் தீமா மலையடிவாரத்தின் சைக்கிள் பாதையில் ஏறினோம். முந்திய இரவு மழை. வேர்கள் சோப்பு தேய்த்ததுபோல. ஒரு குரங்குக் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டு நகர மனமில்லாமல் நகர்ந்தது. அவன் முன்னால், நான் பின்னால். கல்லும் வேரும் கலந்த இறக்கத்தில் அவன் தலை ஒரே மட்டத்தில் போவதைப் பார்த்தேன். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் என் பின்சக்கரம் வழுக்கியது. வாயை மூடிக்கொண்டு பிரேக்கைக் கவனித்தேன்.

கீழே நின்று தண்ணீர் குடிக்கும்போது அவன் குனிந்து ஷாக்கைப் பார்த்தான். ரப்பர் வளையம் தண்டின் கடைசிவரை போகவில்லை. இன்னும் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தது. அந்த 120ஐயே அவன் முழுதாகச் செலவழிக்கவில்லை. அந்த வளையத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினான்.

உடனே பதில் வந்தது. “என்னடா இது, அதுக்குள்ள உடைஞ்சிருச்சா?”